எதிரியின் உள்ளங்கை

கோட்டைக் கிணற்றில் இறக்கிய குடம் எதுவும் முழுசாக மேலே வரவில்லை. மண்குடம் உடைந்து வந்தது. பித்தளைக் குடம் நசுங்கி வந்தது.

போன மழையில் பாழடைந்த மதில் சரிந்து ஹட்மத் சிங்கின் நடுகல்லைச் சாய்த்தது. அன்று ஆரம்பித்த வினை. எந்தக் காலத்திலோ நடந்த சண்டையில், தலை போன பிறகும் வாளை விடாமல் அந்தக் கிணற்றைக் காத்தவன் அவன். கல்லை நிமிர்த்தி நட்டும் அடங்கவில்லை. தண்ணீருக்கு வந்தவர் எல்லாம் அவனுக்கு எதிரி.

ஊருக்கு வேறு நல்ல தண்ணீர் கிடையாது. பெண்கள் மணல்மேடு தாண்டி உப்புக் குட்டைக்கு நடந்தார்கள்.

"நீயெல்லாம் ஒரு பூசாரி," என்றாள் ஜம்கூ புருஷனிடம், குடத்தை இறக்கியபடி. "செத்தவனைத் தூங்க வைக்கத் தெரியலை. நீ மட்டும் நல்லாத் தூங்கறே."

மூலாராம் செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்த்தலைவர் டாக்கூர் அனோப் சிங் வீட்டுக்குப் போனார். ஊர் ஆண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஹுக்கும், வழி ஒண்ணுதான்," என்று டாக்கூரைக் கும்பிட்டார் மூலாராம். "அபின் கரைச்ச தண்ணியை எதிரி உள்ளங்கையில ஏந்திக் கொடுக்கணும். பகை தீர நாம அப்படித்தானே குடிக்கறோம்? செத்தவனுக்கும் அதேதான்."

"யார் எதிரி?"

"தலையை எடுத்தது மணலுக்கு அந்தப் பக்கம் இருக்கற பாகாஸர்க்காரங்க. அவங்க பெரியவர் குமான் சிங் வரணும்."

டாக்கூர் தன் மஞ்சள் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "ஏன், என் கை போதாதா?"

"உங்களோடயா சண்டை போட்டான்? சண்டை முடிஞ்சுதுன்னு நாம சொன்னா நம்ப மாட்டான். எதிரி சொல்லணும்."

"பாகாஸர்க்காரன் இங்கே கால் வெச்சா காலை வெட்டுவேன். அவன் வாசல்ல போய் நான் நிக்கணுமா? புஷ்கர்லேருந்து பண்டிதரைக் கூப்பிடுங்கடா."

"பண்டிதர் வரும்போது தண்ணியும் கொண்டுவரச் சொல்லுங்க."

"உன் நாக்கு நீளம், மூலா."

"வறண்டு சுருங்கிப் போச்சு, ஹுக்கும்."

பண்டிதர் வந்தார். ஹோமம் நடந்தது. லட்டு தீர்ந்தது. குடம் உடைந்தது.

"ஊர் தாகத்தைவிட அந்தாள் மீசை பெரிசு," என்று மூலாராம் வீட்டில் காறித் துப்பினார். அதற்கப்புறம் டாக்கூரைக் கும்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு விடிகாலை. விளக்கேற்றப் போனவர் நடுகல் முன் நின்றுவிட்டார். கல்லடியில் மண் ஈரமாக இருந்தது. அபின் வாசனை. சந்தேகத்தோடு குடத்தை இறக்கினார்.

ததும்பத் ததும்ப வந்தது.

ஊர் பண்டிதரைப் புகழ்ந்தது. "லட்டு செரிக்க நாளாகும் இல்லையா," என்றார் ஒருவர்.

"பார்த்தியா மூலா, பண்டிதர் மகிமையை?" என்றார் டாக்கூர். தலையில் ஏதோ பச்சைத் தலைப்பாகை.

"மஞ்சள் எங்கே, ஹுக்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"காத்துல போச்சு."

மூலாராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வந்தும் இந்த ஆளின் வாய் மாறவில்லையே.

அடுத்த மாட்டுச் சந்தையில் டீக்கடைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தபோது, "குமான் சிங் ஐயா, ஒட்டகம் வாங்கவா?" என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது. மூலாராம் நேராகப் போய் அந்தப் பெரியவர் காலைத் தொட்டார்.

"கோட்டைக்கு வந்து அபின் கொடுத்தது நீங்கதானே? பெரிய மனசு."

"என் மனசு என்ன. முடியாதுன்னுதான் சொன்னேன். உங்க ஊர்க்காரர் ஒருத்தர், ஒட்டகம்கூட இல்லாம மணல்ல நடந்தே வந்தார். தலைப்பாகையை அவிழ்த்து என் கால்ல வெச்சுட்டார். எங்க ஜாதியில தலையைக் கொடுப்பான், அதைக் கொடுக்க மாட்டான். அதுக்கு மேல நான் என்ன பேசறது? என்னோடதை அவர் தலையில கட்டினேன். அவரோடதை நான் கட்டிக்கிட்டேன். இனிமே கூடப் பிறந்தவங்க. ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்கன்னார்."

மூலாராம் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் இருந்த தலையில் ஒரு மஞ்சள் தலைப்பாகை.

அது டாக்கூர் அனோப் சிங்குடையது.