ஆறு பீப்பாத் தண்ணீர்

"ஒரு கம்பளம் கழுவ ஆறு பீப்பாத் தண்ணியோ! நீ கம்பளம் கழுவப்போறியோ, கப்பல் விடப்போறியோ?"

புளியங்கூடல் அப்புத்துரையின் பகிடிக்குச் சின்னாச்சி சிரிக்கவில்லை. அந்தப் பகுதி வீடுகளுக்கெல்லாம் உடுப்பு வெளுத்துக் கொடுக்கிறவள் அவள். முற்றத்தில் குந்தியிருந்து, கம்பளத்தின் ஒரு மூலையைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

"பூனை மூத்திரம், நாச்சியார். அதுக்கு மேலை வேறை என்னவோ ஊத்தியிருக்கிறியள்."

"பன்னீர்," என்றாள் அப்புத்துரையின் மனைவி சறோஜினிதேவி.

"ரண்டு போத்தல்," என்றார் அப்புத்துரை. "இப்ப, பூனை கலியாண வீட்டுக்குப் போட்டு வந்த மாதிரிக் கிடக்கு."

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ!"

சறோஜினிதேவிக்குப் பகிடி பிடிக்கிற நேரம் இல்லை அது. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கரம்பொனில் இருந்து மகளைப் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பிள்ளை. தமையன் குவைத்தில் இருந்து கம்பளம் அனுப்பினதைத் தரகர் அங்கே போய்ப் பெரிதாகச் சொல்லிவிட்டார். விரிக்காவிட்டால் பொய் என்பார்கள். விரித்தால் மூக்கைப் பொத்துவார்கள்.

"மணத்தை எடுக்கலாமோ, ஏலாதோ? அதைச் சொல்லு."

"எடுக்கலாம், நாச்சியார். சாயமும் போகாது, மயிரும் சுருங்காது. ஆனால் நல்ல தண்ணி வேணும். கிணத்துத் தண்ணி இப்ப உவர். உப்பு உள்ளுக்கை நிண்டால், மாரி தொடங்கத் திரும்ப நாறும். சாட்டி ஊரிலை எடுக்கிற நல்ல தண்ணிதான் சரி."

"ஆறு பீப்பாவும் வேணுமோ?"

சின்னாச்சி நிலத்தைப் பார்த்தாள். "ஓம். ஆறு பீப்பா."

சோளகக் காற்றும் ஆவணி வெயிலுமாக ஊர்க் கிணறெல்லாம் உவர்த்துப்போய்க் கிடந்த நேரம். என்றாலும் சறோஜினிதேவி யோசிக்கவில்லை.

"வண்டியைக் கட்டச் சொல்லுங்கோ," என்றாள் கணவனிடம்.

வண்டி மூன்று தரம் சாட்டிக்குப் போய் வந்தது. தரத்துக்கு இரண்டு பீப்பா. எல்லாம் சின்னாச்சியின் வளவில் இறங்கியது.

வியாழன் பின்னேரம் கம்பளம் திரும்பி வந்தது. சறோஜினிதேவி முழங்காலில் இருந்து, மூக்கை அதிலேயே வைத்து இழுத்துப் பார்த்தாள். பூனையும் இல்லை, பன்னீரும் இல்லை.

"நயினாதீவு அம்மாளே, நீ காப்பாத்திப்போட்டாய்!"

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சிவயோகம், பலகாரத்தைத் தொட முன்னம் கம்பளத்தைத் தொட்டாள். மூலையை மடித்து அடிப்பக்கம் பார்த்தாள்.

"இதை ஆர் துப்புரவாக்கினது?"

சறோஜினிதேவி பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். "ஏன்... மணக்குதோ?"

"சீச்சீ! கொழும்பிலை என்ரை தமையன் வீட்டிலையும் இப்படி ஒண்டு கிடந்தது. தண்ணியை வாரி ஊத்திக் கழுவிப்போட்டினம். அடியிலை ஈரம் நிண்டு, பூஞ்சணம் பிடிச்சு, கடைசியிலை எறிஞ்சது. உங்கடை ஆள் தொழில் தெரிஞ்ச ஆள். அங்கை பாருங்கோ, அடியிலை அப்பச்சோடா இன்னும் ஒட்டிக் கிடக்கு. வினாகிரியாலை ஒத்தி எடுத்து, சோடா தூவி உதறி, நிழலிலை காயவிட்டிருக்கு. தண்ணி எண்டால், கூடினால் ஒரு வாளி."

சம்பந்தம் பொருந்தியது. நாளும் பார்த்தாயிற்று. ஆனால் அந்த 'ஒரு வாளி' சறோஜினிதேவியின் தொண்டைக்குள் மீன் முள்ளாக நின்றது.

சனிக்கிழமை காலமை சின்னாச்சிக்கு ஆள் போனது.

"ஒரு வாளித் தண்ணியிலை முடியிற வேலைக்கு ஆறு பீப்பா கேட்டியோடி, கள்ளி!"

சின்னாச்சி மறுக்கவில்லை. "ஓம், நாச்சியார். பொய்தான் சொன்னனான். தண்ணியை ஊத்தியிருந்தால் கம்பளம் பழுதாப்போயிருக்கும்."

"அப்ப அவ்வளவு தண்ணியையும் ஆருக்கு வித்தனீ?"

"விக்கேல்லை. எங்கடை பகுதியிலை பிள்ளையளுக்கு வயித்தாலை போகுது. உவர்த் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, நார் மாதிரிச் சுருண்டு கிடந்ததுகள். சாட்டித் தண்ணியைக் கொதிக்கவைச்சுப் பருக்கினனாங்கள். இப்பதான் எழும்பி இருக்குதுகள்."

அப்புத்துரை கதிரையை விட்டு எழும்பினார். "ஆருக்குக் குடுத்தாலும் களவு களவுதான். இனி இந்த வீட்டு உடுப்பிலை நீ கைவைக்கக் கூடாது. மற்ற வீடுகளுக்கும் நான் சொல்லிவிடுவன்."

அந்த வீடுகளை விட்டால் சின்னாச்சிக்கு வேறு பிழைப்பு இல்லை.

சறோஜினிதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி போனதுக்கு நான் ஏசேல்லையடி. பொய் சொன்னியே, அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. நாங்கள் என்ன கல்லோ? வருசா வருசம் நயினாதீவுத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுற குடும்பமெல்லோ! சின்னஞ்சிறுசுகளுக்கெண்டு வாயைத் திறந்து ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், தரமாட்டன் எண்டோ சொல்லியிருப்பன்?"

சின்னாச்சி முதல்தரம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"கேட்டனான், நாச்சியார். திங்கட்கிழமை, இதே முத்தத்திலை நிண்டு, பிள்ளையளுக்கெண்டு ஒரேயொரு பீப்பாத்தான் கேட்டனான். வண்டி மாடு களைச்சுப்போச்சு எண்டு சொன்னனீங்கள்."