இடப்பக்கத்து ஜன்னல்

“இடப்பக்கத்து ஜன்னலோரமா உக்காரோணும். வலப்பக்கம் உக்காந்தீன்னா வெறும் பாறைதான் தெரியும்” என்றார் அர்த்தநாரி. ஊட்டி மலை ரயிலுக்கான டிக்கெட் ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

எதிரே ரத்தினசாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். எருத்தேன்பதியில் அர்த்தநாரியின் நாலு ஏக்கரைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து உழுகிறவன். அவன் மனைவி மருதாத்தாள் களத்தில் பண்ணாடி அர்த்தநாரியின் நிலக்கடலையைக் காயவைத்துக் கொண்டிருந்தாள்.

“ஏனுங்க பண்ணாடி, அத்தாச்சோடு பெரிய ரயிலு எப்படீங்க மலையேறும்? வழுக்கிறாதுங்களா?”

“அடேய், தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்சிருக்குதுடா. எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளும்.”

“பின்னாடிங்களா? அப்ப முன்னாடி ஆருங்க வழி பாக்கறது?”

அர்த்தநாரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். மூளையிருந்தால் ஒருத்தன் மாமனார் வீட்டுக்கு வாழ வருவானா? வீட்டோட மாப்பிள்ளையாக வந்து, மாமனார் செத்ததும் அவர் ஓட்டிய ஏரைப் பிடித்துக்கொண்ட பயல்தானே இவன்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாத அர்த்தநாரிக்கு இப்படித் திடீரென்று மனசு இளகக் காரணம் இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எழுபதில் கேரளத்தில் வந்த சட்டம், உழுகிற பாட்டக்காரனுக்கே நிலம் என்று சொல்லிவிட்டது. இரண்டு வருஷமாகத் தாலுகா முழுக்க மனுப் போட்டுக் கொண்டிருந்தார்கள். போன வாரம் அர்த்தநாரிக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது.

நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது. மலையாளம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று டீக்கடையில் அளக்கிறவருக்கு, உள்ளபடி எண்கள் மட்டும்தான் புரியும். பதினெட்டாம் தேதி என்பது பளிச்சென்று தெரிந்தது. “உங்க பாட்டக்காரங்க மனுப் போட்டிருக்காங்க, சித்தூர்ல விசாரணை. மனுப் போட்டவங்க வரலைன்னா தள்ளுபடி பண்ணிருவாங்க” என்று, கொண்டுவந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். அது போதாதா? மீதியை இன்னொருத்தனிடம் காட்டி வாசிக்கச் சொன்னால் மானம் என்ன ஆவது? மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“பதினேழு சாயங்காலமே மேட்டுப்பாளையம் போய்ப் படுத்துக்கோ. பதினெட்டு காத்தால வண்டி. குகை, பாலம், அருவி எல்லாத்தையும் நல்லாப் பாரு. ரெண்டு நாள் இருந்துட்டு வா. இருவது வருசமா எங் காட்டுல பாடுபட்டிருக்கறே, உனக்கு நாஞ் செய்யாம ஆரு செய்யறது?” என்றார். சொல்லும்போது அவருக்கே அது உண்மை போலத்தான் இருந்தது.

“மருதாத்தாளும் வரட்டுமுங்களா? அவளும் ரயிலே ஏறுனதில்லைங்க.”

“பொம்பளைக்கு எதுக்கடா ஊட்டி? மலையைப் பாத்து அவ என்ன கிழிக்கப் போறா? மாட்டுக்கு ஆரு தண்ணி காட்டறது? கெடக்கட்டும் ஊட்டுலயே.”

மருதாத்தாள் தலை நிமிராமல் கடலையைக் கிளறிக் கொண்டிருந்தாள்.

“அங்க குளுருமுங்களா?”

அர்த்தநாரி உள்ளே போய், பூச்சி அரித்த தம்முடைய பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து வீசினார். பங்குனி வெயிலில் ரத்தினசாமி அங்கேயே அதை மாட்டிக்கொண்டான். வேர்வை வழிய, டிக்கெட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “இந்த மனசு ஆருக்குங்க வரும்!” என்று கும்பிட்டுவிட்டு நடந்தான்.

இந்த மடையனுக்கு நிலம் ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டார் அர்த்தநாரி. நாலு ஏக்கரும் கைக்குத் திரும்பி வந்துவிட்டது போலவே இருந்தது. கிணற்று மேட்டில் தென்னை வைப்பதா, கரும்பு போடுவதா என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மருதாத்தாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியருகில் வந்து நின்றாள்.

“ஏனுங்க பண்ணாடி, எங்க ஊட்டுக்காரருக்குத் தேதியெல்லாம் நெனப்புல நிக்காதுங்க. பதினெட்டாந் தேதி சித்தூருக்கு வண்டி கட்டறீங்களா? நானும் அதுலயே வந்துக்கறனுங்க.”

அர்த்தநாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சித்தூருக்கா? அங்க உனக்கென்ன வேலை?”

“எங்கப்பன் பாட்டமுங்களே, மனு எம் பேர்லதானுங்க. நோட்டீசுல படிக்கலீங்களா?”