பொங்கலுக்கு ஒரு படம்

காருக்குள் மறுபடியும் உடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே அவன் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திவிட்டு ஏரியைப் பார்த்து நின்றான். பனியாற்றிலிருந்து உடைந்து விழுந்த பனிப்பாறைகள் தண்ணீரில் மெதுவாக நகர்ந்தன. சற்று முன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த நீலப் பாறையைக் காணோம். அந்த இடத்தில் வேறொன்று வந்து நின்றது.

அவன் வேலை பார்க்கும் ஐஸ்லாந்தில் எத்தனையோ இடம் இருக்க, இதைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் அதே இடமென்று யாராலும் சொல்ல முடியாதாம். காலையில் பெருமையாகச் சொன்னான். அவளும் வாயைப் பிளந்து கேட்டாள்.

கல்யாணமாகி மூன்று வாரம். புதுமாப்பிள்ளை ஆசைக்கு எடுக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

பிறகு அவன் காருக்குள் போய், தாடியை மழித்துக்கொண்டு வந்தான்.

ஊர் சுற்ற வந்த இடத்தில், பாதியில், எவன் தாடியை மழிப்பான்?

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

கேட்டாள். வேலை நாளில் நேரம் கிடைக்காது, இப்போதே எடுத்துவைத்தால் மாதத்துக்கு ஒன்றாக ஊருக்கு அனுப்பலாம் என்றான். அரக்குச் சுடிதார் தீபாவளிக்கு. பட்டுப்புடவை பொங்கலுக்கு.

பொங்கலுக்கு இன்னும் நான்கு மாதம் கிடந்தது.

இங்கே வந்து இறங்கியதுமே அவளுடைய போனை ரிப்பேருக்கென்று வாங்கிப்போனான். பாஸ்போர்ட் அவனிடம்தான் இருந்தது. அம்மாவுக்கு அவனே செய்தி போட்டான், அவள் எழுதுவதுபோலவே. மகள் சிரித்தபடி ஒரு படம் போனால் அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

இந்தப் படங்களெல்லாம் ஊரில் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் எங்கே இருப்பேன்?



அடுத்ததாகக் கடற்கரைக்கு அழைத்துப்போனான். கறுத்த மணல். ஏரியிலிருந்து கடலுக்குப் போன பனிக்கட்டிகளை அலை திரும்பக் கொண்டுவந்து போட்டிருந்தது. தள்ளி நாலைந்து வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தலாமா என்று பார்த்தாள்.

என்ன சொல்லிக் கத்துவது? புருஷன் என்னைப் படம் எடுக்கிறான் என்றா?

பட்டுப்புடவையில் நின்றாள். மேலே சால்வை, கையில் கம்பளி உறை. பற்கள் தந்தியடித்தன.

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டான். தலையை வேறு மாதிரி வாரிக்கொண்டான். ஒன்றையும் விடவில்லை, பாவி.

முன்னால் வந்து நின்று, ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

அவள் அவனுக்குப் பின்னால் நின்று உறைகளைக் கழற்றினாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா அரைத்து வைத்த மருதாணி. உள்ளங்கையில் வெளுத்துவிட்டது. நகத்தில் மட்டும் அப்படியே சிவப்பு. அடியில் நெல்முனை அளவுக்கு வெள்ளை முளைத்திருந்தது. தை பிறப்பதற்குள் அந்தச் சிவப்பு வளர்ந்து நுனிக்குப் போய்விடும். மரத்துக்கே பஞ்சமான இந்தத் தேசத்தில் மருதாணிக்கு எங்கே போவது? அம்மாவுக்கு அது தெரியும். நகத்தைப் பார்த்தே, வைத்து எத்தனை நாளென்று சொல்கிறவள் அவள்.

அவன் தோள்மேல் இரண்டு கைகளையும் வைத்து விரல்களைப் பரப்பினாள். இதற்கு முன் அவளாக அவனைத் தொட்டதில்லை.

சிரித்தாள்.

அவன் போய்ச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். தன் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பின்னால் கிடந்த பனிக்கட்டியையும் பார்த்தான்.

"அருமையா விழுந்திருக்கு, கோமதி. அத்தை பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

ஆமாம் என்றாள்.

உறைகளை மாட்டிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். பொங்கல்வரைக்கும் எப்படியாவது தாக்குப்பிடித்துவிட வேண்டும்.