நோட்டம்

"அதை நிறுத்து, கமலாத்தாள்" என்றார் வாசுதேவன்.

கமலாத்தாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

வாசுதேவன் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அதிகாரி; கமலாத்தாள் அவருக்குக் கீழே புரோகிராம் எழுதுகிறவள். பக்கத்தில் நின்றவர் ராகவன், சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து காலை ரயிலில் பாலக்காட்டில் வந்து இறங்கியவர். அவர் கையில் ஆறுச்சாமியின் வேலைநீக்க உத்தரவு இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஆறுச்சாமி கம்ப்யூட்டர் அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவனை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளாகவே, மதியம் ஆனால் அந்தப் பம்ப் ஆலையின் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. மதியமே வார்ப்படக் கூடத்துக்குப் போக வேண்டிய உற்பத்தி விவரம் பொழுது சாய்ந்துதான் போகிறது. இயந்திரத்தை ஓட்டுகிறவன் ஆறுச்சாமி. கண்டதையும் உள்ளே ஏற்றிவிட்டு இறக்காமல் விட்டுவிடுகிறான் என்று வாசுதேவன் மேலே எழுதிவிட்டார்.

"நானொண்ணும் பண்ணலீங்க" என்று அவன் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். மிசினுக்குள் நடப்பதை எவன் கண்டான் என்று சிரித்தார்கள்.

காண வழி இருந்தது.

நோட்டம் என்று ஒரு சின்னப் புரோகிராம். கம்ப்யூட்டரை நிறுத்தாமல், அது ஓட ஓடவே உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த நொடியில் எந்தெந்தப் புரோகிராம் ஓடுகிறது, ஒவ்வொன்றையும் எழுதியது யார், எது எவ்வளவு திறனை விழுங்குகிறது என்பதையெல்லாம், கேட்டால் டெலிபிரிண்டரில் அடித்துக் காட்டும். போன மாதம்தான் தலைமை அலுவலகம் அதை மெச்சி, மற்ற ஆலைகளுக்கும் அனுப்பச் சொல்லியிருந்தது.

"சாருக்கு ரயிலுக்கு நேரமாச்சு. இதெல்லாம் இப்ப எதுக்கு?" வாசுதேவன் குரலைத் தாழ்த்தினார். "உன் வேலையே இன்னும் நிரந்தரமாகலை. ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஏசிக் குளிரில் விறைத்த கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"ஒருக்கா பாத்துப்போட்டுக் கையெளுத்துப் போடுங்க சார்" என்றாள் ராகவனிடம். "ஒரு மனுசனோட பொழப்புங்க."

நோட்டத்தைக் கேட்கும் விசையை அழுத்தினாள். டெலிபிரிண்டர் தடதடவென்று ஓடியது.

ராகவன் குனிந்து காகிதத்தைப் படித்தார். பட்டியலின் தலையில், கம்ப்யூட்டரின் பாதிக்கும் மேற்பட்ட திறனை ஒரே ஒரு புரோகிராம் விழுங்கிக்கொண்டிருந்தது.

நோட்டம்.

"வேவு பார்க்க வெச்சதே மொத்தத்தையும் தின்னுதா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுதியவர் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாசுதேவன் என்று இருந்தது.

"அப்ப ஆறுச்சாமி மேல தப்பில்லை. உங்க புரோகிராம்தான். சரி, உட்காருங்க. எங்கே பிழைன்னு காட்டுங்க."

வாசுதேவன் உட்கார்ந்தார். விசைகளைப் பார்த்தார். டெலிபிரிண்டரைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்துகொண்டார்.

"இது... இவள் எழுதினது சார். தப்பு இவளோடது."

ராகவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். வாசலில் ஆறுச்சாமி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்க சார்" என்றாள் கமலாத்தாள். "நான் எளுதுனதுதானுங்க. தப்பும் என்னோடதுதானுங்க."



பிழையை அவள் நேற்றே கண்டுபிடித்துவிட்டாள். மதியம் வேலை கூடக் கூட, நோட்டமும் ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலேயே சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாம். இயந்திரம் சீராக ஓடியிருக்கும். அவளை யாரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆறுச்சாமி போனதால் சரியாயிற்று என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

டிபன் பைக்குள்ளிருந்து, கம்ப்யூட்டருக்குள் புரோகிராமை ஏற்றும் துளையிட்ட காகிதச் சுருள் ஒன்றை எடுத்தாள். திருத்திய நோட்டம்.

அதில் இரண்டே இடங்களில் கை வைத்திருந்தாள். ஓயாமல் பார்த்தது இனி நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்.

இன்னொன்று, எழுதியவர் பெயர் இருக்கும் முதல் வரி. போன மாதம் வாசுதேவன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் கையாலேயே மாற்றி அடித்த வரி.

அங்கே இப்போது கமலாத்தாள் என்று இருந்தது.