அண்ணன் சட்டை

மேசைமேல் இருந்த புதுக் கம்ப்யூட்டரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதைத் திருப்பிக் குடுத்தா முழுப்பணமும் வருமா?"

கல்யாண நாளும் அதுவுமாக மனைவி ஆசைப்பட்டு வாங்கி வந்தது. கடையில் ஏழு நாள் கெடு கொடுத்திருந்ததை அவள் சொல்லவில்லை. ரசீதில் அச்சடித்திருந்ததால் அவர் படித்துவிட்டார்.

அவள் பல் மருத்துவர். 'வலிக்காது' என்று முகம் மாறாமல் சொல்லியே இருபது வருடமாகத் தொழில் நடத்துபவள். அவர் நில அளவையாளர். விரல்கடை பிசகினாலும் முதலிலிருந்து அளக்கிற ஆசாமி.

"உங்க பழைய டப்பா கண்ணைத் திறக்கறதுக்குள்ள நான் ரெண்டு பல் பிடுங்கிடுவேன். இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழணுமா?"

"டாக்டரம்மா, என்னோட வீட்டுக் கணக்கு சாஃப்ட்வேர் அதுலதான் ஒழுங்கா ஓடும்."

"இதுலயும் அதே சாஃப்ட்வேர் இருக்காம். கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

"பேர்தான் ஒண்ணு. அதுல இருக்கறது அண்ணன். இதுல இருக்கறது அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்ட தம்பி."

அத்தோடு விட்டாரா? அரை மணி நேரம் விளக்கினார். பழைய ரகக் கம்ப்யூட்டருக்கு எழுதிய பதிப்பில் ஒரே மளிகை ரசீதை ஏழு தலைப்புகளில் பிரிக்கலாம். காப்பீட்டுத் தவணையை அது ஒரு மாதம் முன்னாலேயே ஞாபகப்படுத்தும். கண்ணில் படத் தேவையில்லாத கணக்கை மறைத்து வைக்கலாம். புது ரகத்துக்கென்று அதே கம்பெனி அவசரத்தில் ஒப்பேற்றிய பதிப்பில் இதெல்லாம் கிடையாது. செலவைக் கூறுபோட்டுக் காட்டும் வட்டப் படம் மட்டும் வண்ண வண்ணமாகச் சுழலும்.

இவ்வளவு பேச்சிலும் அவளுக்குக் கேட்டது ஒன்றுதான்: கஞ்சத்தனம். இரண்டு முறை அடி ஒட்டிய ஷூ. சனிக்கிழமைகூட வீட்டில் தங்காமல் யார் யாருடைய மனையையோ அளக்க ஓடும் ஓட்டம். காசுப்பேய் என்று அவள் வாய்விட்டே சொல்வதுண்டு.

இத்தனைக்கும், மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவள் பிறந்த வீட்டிலேயே ஒரு உதாரணம் வைத்திருந்தாள். அவளுடைய தம்பி. வெளியூரில் சொந்தக் கடை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். நர்ஸ் சம்பளத்துக்கு அக்காவிடம் சல்லிக்காசு வாங்க மாட்டான். மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி போன் செய்து, சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று மட்டும் சொல்வான்.

அந்தப் போனை அவள் ஸ்பீக்கரில் போடுவாள். "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று தம்பியிடம் சொல்லும்போது பார்வை மட்டும் கணவர் மேல் இருக்கும்.

கெடுவின் ஆறாம் நாள் சனிக்கிழமை. அவர் வழக்கம்போல அளவு நாடாவோடு கிளம்பிப் போனதும், அவள் இழுப்பறையைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அவர் கணக்கை நகலெடுத்து வைக்கும் பென் டிரைவ் இருந்தது. மொத்தத்தையும் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டால், வந்து பார்க்கிறவர் என்னதான் சொல்வார்?

ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. வட்டப் படம் சுழன்றது. அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் கணக்குகளின் பட்டியல்: வீடு, கார், காப்பீடு, அவளுடைய கிளினிக். எல்லாவற்றுக்கும் கீழே, 'சனிக்கிழமை' என்று ஒன்று.

அண்ணன் பதிப்பு மறைத்து வைத்திருந்ததைத் தம்பிப் பதிப்புக்கு மறைக்கத் தெரியவில்லை.

அதைத் திறந்தாள். மூன்று வருடத்துப் பதிவுகள். சனிக்கிழமை தோறும் அளவைக் கூலி வரவு. மாதா மாதம் மூன்றாம் தேதி அதிலிருந்து ஒரே ஒரு செலவு: 'நர்ஸ் சம்பளம், மச்சான் வழியாக.' கடைசியாக அனுப்பியது நேற்று முன்தினம்.

முதல் பதிவுக்கு மட்டும் ஒரு குறிப்பு இருந்தது. அளவையாளர் குறிப்பு, ஒரு சொல் கூடுதல் இல்லை: 'மச்சான் கடையை மூடிவிட்டான். அக்கா முன்னால் தலை குனிய வேண்டுமே என்று அழுகிறான். அவளுக்குத் தெரிய வேண்டாம்.'

முப்பத்தாறு போன்களையும் ஸ்பீக்கரில் போட்டது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அவர் ஷூவில் சேற்றோடு வந்து நின்றபோது, புதுக் கம்ப்யூட்டர் திரும்பவும் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது.

"என்னாச்சு?"

"உங்க கணக்கை இதுல ஏத்திப் பார்த்தேன்" என்றாள்.

அவர் ஒரு ஷூவைக் கழற்றியவாறு அப்படியே நின்றார்.

"எதுவும் வரலைங்க. வெறும் வெள்ளைத் திரைதான்." முகம் மாறவில்லை. இருபது வருடப் பழக்கம். "நீங்க சொன்னதுதான் சரி. மட்டமான சாஃப்ட்வேர். நாளைக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" பெருமூச்சைக் கர்வமாக மாற்ற அவர் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"வர்ற பணத்துல உங்களுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கிடலாம்."

"இதுக்கென்ன கேடு? இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."

கஞ்சம் என்று அவள் சொல்லவில்லை. அவர் கழற்றிப் போட்ட ஷூவை எடுத்துச் சேற்றைத் துடைத்தாள்.

போன் அடித்தது. ஐந்தாம் தேதி.

ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நர்ஸுக்கு இந்த மாசச் சம்பளம் குடுத்தாச்சு" என்றது தம்பியின் குரல்.

"மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றாள். பார்வை, வழக்கம்போல, கணவர் மேல்தான் இருந்தது.