வளைவில் கட்டிய டயர்கள்

கார் பந்தய மைதானத்தின் கடைசி வளைவில், தறிகெட்டு வரும் கார்களைத் தடுக்கப் பழைய டயர்களை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். மேல் டயர் ஒரு காலத்தில் பந்தய வீரர் சாம்ராஜின் காரில் ஓடியது. இன்றைக்கும் அவருடைய ரசிகன். கீழ் டயர் யாருக்கும் ரசிகன் இல்லை.

அன்றைய பந்தயத்தில் ஜெரோம் என்ற வீரர் வளைவின் உள்பக்கம் புகுந்து முந்தப் பார்த்தார். பிரேக்கை லேட்டாக மிதித்ததால் கார் சறுக்கி மண்ணில் போய் நின்றது.

"இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்றது மேல் டயர்.

அடுத்த சுற்றில் சாம்ராஜ் அதே இடத்தில் அதே மாதிரி புகுந்தார். பக்கத்துக் கார் பயந்து ஒதுங்கியதால் தப்பினார்.

"பாத்தியா? இதுதான் முந்துறது!"

கீழ் டயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! ரெண்டு பேரும் லேட்டாத்தானே மிதிச்சாங்க? ஜெரோம் செஞ்சா தப்பு, சாம்ராஜ் செஞ்சா திறமையா? உன் ஒரு பக்கம் மொட்டையா இருக்கே, அது யார் பிரேக் அடிச்சுத் தேய்ச்சது? உன்னைக் கழட்டி இங்க போட வெச்சதே அந்த ஆளுதானே!"

"அவர் மிதிச்சுத் தேஞ்சவன் நான். அந்தக் குடுப்பினை உனக்கு உண்டா?"

கீழ் டயர் வாயெடுப்பதற்குள் சாம்ராஜ் மறுபடி வந்து புகுந்தார். இந்த முறை யாரும் ஒதுங்கவில்லை. அவருடைய கார் சுழன்று வந்து டயர் அடுக்கில் மோதியது. மேல் டயர் கிழிந்து தொங்கியது.

"இப்பவாவது சொல்லித் தொலை, யார் தப்பு?" என்று கத்தியது கீழ் டயர்.

"நம்ம தப்புதான்" என்றது மேல் டயர். "அவர் வர்ற வழியில நாம ஏன் நின்னோம்?"