ஒப்புதல் குழு

“கொட்டாவி விட்டாரா? உங்க மூஞ்சிக்கு நேராவா சார்?”

“வாயைக்கூட மூடிக்கலை. அவர்தான் குழுவுக்குத் தலைவர்” என்றார் கணக்கு வாத்தியார், பிஸ்கட்டை டீயில் முக்கியபடி.

புது டீச்சர் தன் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தாள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான பாடத்திட்டப் பயிற்சியில் இன்று கடைசி நாள். மொழி, கணக்கு, அறிவியல், சமூகம் நான்கையும் ஒரே கருவில் கோத்து ஆளுக்கொரு பாடம் தயாரித்திருந்தார்கள். ஒப்புதல் குழு ஏற்றுக்கொண்டால்தான் சான்றிதழ். சான்றிதழ் கையில் இருந்தால்தான் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். கணக்கு வாத்தியாரோ போன முறை தேறாமல் மறுபடி வந்திருப்பவர்.

“நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க சார்?”

“‘இப்பாடத்தின் கற்றல் விளைவுகள் பின்வருமாறு’ன்னு ஆரம்பிச்சேன். அப்ப வந்ததுதான் அந்தக் கொட்டாவி.”

அவள் தன் ஃபைலைத் திறந்தாள். ‘மழை’ என்று தலைப்பு. அதன் கீழே முதல் வரி: இப்பாடத்தின் கற்றல் விளைவுகள் பின்வருமாறு.

“ஐயோ! பயிற்சி மேடம் இப்படித்தானே சார் எழுதச் சொன்னாங்க?”

“அது ஃபைலுக்கு. குழு ஃபைலைத் தொட்டே பார்க்காது.”

“படிச்சுப் பார்க்காம எப்படி முடிவு பண்ணுவாங்க?”

“பண்றாங்களே! ஒருத்தர் நடுவுல எழுந்து வெளியே போனார். வரும்போது சட்டையெல்லாம் தண்ணி. ஒரு ஸாரி கிடையாது. இன்னொரு அம்மா, பின்னம் எதுக்குப் படிக்கணும்னாங்க. சொன்னேன். ஏன்னாங்க. அதுக்கும் சொன்னேன். அதுக்கும் ஏன்! இத்தனை வருஷம் கணக்கு நடத்தின எனக்கே பின்னம் எதுக்குன்னு மறந்துபோச்சு.”

“பெரிய படிப்புப் படிச்சவங்களா?”

“நம்ம அளவுக்குக்கூட இல்லைம்மா.”

“அப்போ செல்வாக்குல வந்தவங்களா?”

“அதெல்லாம் தெரியாது. ஆனா அவங்க இல்லேன்னா உனக்கும் எனக்கும் சம்பளம் கிடையாது.”

பாவம், அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டில் கணவனை உட்காரவைத்து இந்தப் பாடத்தை நடத்திப் பார்த்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ரசிக்கிறான் என்று நினைத்திருந்தவளுக்கு இப்போது சந்தேகம் வந்தது.

“யாருன்னுதான் சொல்லித் தொலைங்களேன் சார்.”

“சொல்லக்கூடாதுன்னு மேடம் சத்தியம் வாங்கியிருக்காங்க. வாயைத் திறந்தா இந்த முறையும் நான் அம்போதான்.”

“சரி, இதையாவது சொல்லுங்க. மழைப் பாட்டுல ஆரம்பிக்கவா, பாட்டில்ல மழையை அளக்கறதுல ஆரம்பிக்கவா?”

“எதுல ஆரம்பிச்சாலும் ‘ஏன்’லதான் போய் முடியும்.”

அவள் அறிவியல் பக்கத்தை உருவி முன்னால் வைத்தாள். பிறகு கணக்கை வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் பழையபடியே அடுக்கினாள்.

பயிற்சி கொடுக்கும் அம்மாள் உள்ளே வந்தார். “என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

“மேடம், குழு வேண்டாம்னு சொன்னா நீங்க எனக்காக ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக்கூடாதா? வீட்டுல என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கோம்.”

“நானா? நல்லாச் சொன்னே! போன வருஷம் என் பாடத்தையே பாதியில நிறுத்திட்டாங்க. அவங்க சொன்னா சொன்னதுதான். எனக்கு மேல இருக்கிறவங்களும் அதை மாத்த முடியாது.” அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “எல்லாரும் எழுந்து நில்லுங்க. குழு வந்தாச்சு.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கணக்கு வாத்தியார் வாயில் இருந்த பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினார். புது டீச்சர் வணக்கம் சொல்லக் கைகளைக் குவித்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது, பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து பேர் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசை நாற்காலிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கால் தரைக்கு எட்டாத தலைவர், முன்பல் விழுந்த வாயைத் திறந்து, “நீங்க நடத்துங்க டீச்சர், நல்லா இருந்தா இங்கேயே இருப்போம், இல்லேன்னா விளையாடப் போயிடுவோம்” என்றார்.